எதிர் அணிக்குக் கை தட்டிய என் வீட்டுக்காரர்

கடந்த சனிக்கிழமை என் வீட்டுக்காரர் ரொறன்ரோ அணிக்குக் கை தட்டினார்.

சும்மா மரியாதைக்கு இரண்டு தட்டு இல்லை. உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினார். இடையிடையே விசில் வேறு! அந்த அணியை எதிர்த்து மொன்றியாலுக்காக விளையாடிக்கொண்டிருந்தது யார் தெரியுமா? அவருடைய சொந்தத் தங்கச்சி சுதா.

அவசரப்பட்டுக் குடும்பச் சண்டை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அண்ணனும் தங்கச்சியும் நல்ல ஒற்றுமை. இது சண்டையைவிட ஆபத்தான சங்கதி... பாசம்!

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். கேலிக் ஃபுட்போல் என்று பெயர். அயர்லாந்துக்காரர்களின் விளையாட்டு. பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், தூக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடலாம். கோல் கம்பங்கள் குறுக்குக் கம்பத்துக்கு மேலேயும் உயர்ந்து நிற்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழால் வலைக்குள் போனால் மூன்று புள்ளி. மேலால் போனால் ஒரு புள்ளி.

இது எனக்கு முதல் நாள் தெரியாது. சுதா அடித்த பந்து கம்பத்துக்கு மேலால் பறந்தது. “ஐயோ, போச்சு!” என்று தலையில் கை வைத்தேன். சுற்றி நின்றவர்கள் துள்ளிக் குதித்தார்கள். அன்று முழுவதும் நான் பிழையான இடங்களில்தான் கவலைப்பட்டேன்.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் அயர்லாந்துப் பந்துக்கும் எப்படித் தொடர்பு வந்தது என்று கேட்கிறீர்களா? சுதா கார்டெரி என்கிற ஒரு காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள். ஒருநாள் ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஓடிய மூன்றாவதைக் காலை நீட்டி மறித்திருக்கிறாள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அயர்லாந்துத் தாய் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு அங்கேயே கேட்டாளாம் — “எங்கள் அணிக்கு வருகிறாயா?”

இதே சுதா, கலியாணமாகி ஸ்பொன்சரில் கனடாவுக்கு வந்த புதிதில் வாய் திறக்க மாட்டாள். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனால்கூட விரலால் காட்டி வாங்கி வருவாள். பிழையாகக் கதைத்துவிடுவோமோ என்ற பயம். அவள் மைதானத்தின் நடுவே நின்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் “பந்தை இங்கே தா!” என்று கத்தியதை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாகக் கேட்காத குரல் அது.

சரி, இனி கதையின் வில்லன்களுக்கு வருவோம். இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர் குணம். மற்றவர் ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவின் கணவர், பாலா அத்தான். இரண்டு பேரும் சகலன்மார். அத்தானின் மகள் மதுரா பல்கலைக்கழகத்தில் இந்த விளையாட்டைப் பழகி, இப்போது ரொறன்ரோ அணியில் இருக்கிறாள். அதாவது, ஒவ்வொரு கோடையிலும் மொன்றியாலும் ரொறன்ரோவும் மோதும்போது மைதானத்துக்குள் இரண்டு அணி. மைதானத்துக்கு வெளியே இரண்டு சகலன்.

இவர்களுடைய போட்டி பந்தோடு தொடங்கியதும் இல்லை.

“உங்கடை ஊரிலை ஒரு பாண் வாங்கிறதெண்டாலும் பொன்ஜூர் சொல்லோணும். எங்கடை ஊரிலை தமிழோடையே சீவியம் முடியும், தெரியுமோ?” என்பார் அத்தான்.

“ஓம் அண்ணை, உங்கடை சீவியத்திலை அரைவாசி ஹைவேயிலை எல்லே முடியுது!” என்பார் என் வீட்டுக்காரர்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கையில் ஓர் அணியும் கிடைத்தால்?

போன வருடம் ஆட்டத்துக்கு முதல் கிழமையே லவாலில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில் இவர் மேசை மேசையாகப் போய் அறிவித்தார். “கப் எங்களுக்குத்தான். எழுதி வையுங்கோ.” அதோடு விட்டாரா? வெற்றி விருந்துக்கு ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் சொல்லி வைத்தார். சுதாவின் படம் போட்ட பெரிய பதாகை ஒன்றும் அடித்தார். நான் தடுத்தேன். “உமக்கு நம்பிக்கை காணாது” என்று என்னையே குற்றம் சொன்னார்.

ஆட்டத்தின் கடைசி நிமிடம். மொன்றியால் ஒரு புள்ளி பின்னுக்கு. சுதாவுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. யாரும் இடைஞ்சல் செய்ய முடியாது. பந்தைக் கையில் வைத்து நிதானமாக உதைக்கலாம். தூரமும் அதிகமில்லை. இவர் பதாகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். “உன்னாலை ஏலும் சுதா! கண்ணை மூடிக்கொண்டு அடிச்சாலும் உள்ளைதான்!”

பந்து கம்பத்துக்கு வெளியால் போய்ப் பக்கத்துப் புதருக்குள் விழுந்தது.

அதைவிடக் கொடுமை, இவர் அங்கேயே நின்று பதாகையைச் சுருட்டத் தொடங்கினார். அன்று இரவு ஆட்டிறைச்சிக் கறியை எல்லோரும் செத்தவீட்டுச் சாப்பாடு போலக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டோம்.

இந்த வருடப் போட்டிக்கு முதல் சுதா என்னிடம் தனியாக வந்தாள்.

“மச்சாள், இந்த முறையும் அப்பிடி நடந்தா நான் விட்டிடுவன்.”

“என்னத்தை விடப்போறாய்?”

“விளையாட்டை. பந்து கையுக்கை வந்தவுடனை அண்ணையின்ரை குரல்தான் காதுக்கை கேக்குது. எனக்கேன் இந்தக் கரைச்சல்?”

அவள் விளையாட்டை விட்டால் அந்தக் குரலும் போய்விடும். மறுபடியும் விரலால் காட்டிப் பால் வாங்கும் சுதாவாக அவள் ஆவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் வீட்டில் ஒரு மாநாடு கூட்டினோம். தீர்மானம்: அண்ணை மைதானத்துக்கு வரலாம். ஆனால் மொன்றியால் அணியை ஆதரித்து ஒரு சொல்லும் வாயிலிருந்து வரக்கூடாது. ஏலும், வெல்லுவாய், உள்ளைதான் — எதுவும் கூடாது. பதாகை தடை.

“ஓம், ஓம். ஒரு சொல்லும் சொல்லமாட்டன்” என்றார் இவர். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஆற்றங்கரைப் பூங்காவில் ஆட்டம். நல்ல வெயில். மனிதர் நேரே போய் ரொறன்ரோக்காரர்களின் பக்கம், அத்தானுக்கு அருகில் நின்றார். மதுரா துள்ளிப் பந்தைப் பிடித்ததுதான் தாமதம்...

“அடி சக்கை! என்ன பாய்ச்சல்! என்ன கெட்டித்தனம்! இவளை மாதிரி ஒரு பிள்ளை கனடாவிலையே இல்லை!”

அத்தான் முதலில் பெருமையாகத்தான் சிரித்தார். மதுராவும் “தாங்க்ஸ் சித்தப்பா!” என்று கையைக் காட்டினாள். அடுத்த பந்து அவள் கையிலிருந்து வழுக்கி விழுந்தது.

அத்தானின் முகம் மாறியது. அப்போதுதான் எனக்கும் விளங்கியது. நாவூறு!

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கண் பட்டால் கண்ணூறு, வாய் பட்டால் நாவூறு. அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தால் புகழப்பட்டவருக்கு ஆகாது. போன வருடம் தங்கச்சி அடித்த பந்து வெளியால் போனது ஏன்? இவர் ஒரு கிழமையாக வாய் கிழியப் புகழ்ந்ததால்! சரி, தன் நாக்குக்கு அவ்வளவு சக்தி இருக்கிறதென்றால் அதை எதிரியின் மேல் திருப்பிவிடலாமே? மனிதர் திட்டம் போட்டே வந்திருக்கிறார்.

“குணம், வாயைப் பொத்திக்கொண்டு இரும்” என்றார் அத்தான்.

“ஏன் அண்ணை, என்ரை பெறாமகளை நான் புகழக்கூடாதோ?”

அத்தான் சும்மா விடுவாரா? அவரும் யாழ்ப்பாணத்தார்தானே. கைகளை வாய்க்கு இருபுறமும் வைத்துக்கொண்டு தொடங்கினார். “பிராவோ சுதா! என்ன ஓட்டம்! மான் தோத்துப்போகும்!” சுதா அடுத்த அடியிலேயே தடுக்கி விழுந்தாள். இவர் பதறிப்போய் மதுராவை இரண்டு மடங்கு புகழ்ந்தார். அத்தான் சுதாவை மூன்று மடங்கு. மொன்றியால்காரர் ரொறன்ரோவுக்கும் ரொறன்ரோக்காரர் மொன்றியாலுக்கும் தொண்டை கட்டக் கட்டக் கத்திக்கொண்டு நின்றார்கள். பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

எனக்குப் பக்கத்தில் டோனல் என்ற வயதான அயர்லாந்துக்காரர் மடக்குக் கதிரை போட்டு அமர்ந்திருந்தார். ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“என் வாழ்நாளில் இப்படிப்பட்ட ரசிகர்களைக் கண்டதில்லை” என்றார். “எதிர் அணியை இவ்வளவு மனம் திறந்து பாராட்டுகிறார்களே! எங்கள் ஊரில் இது நடக்காது.”

நான் என்ன சொல்ல? நாவூறு என்பதை ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினால் ஆட்டம் முடிந்துவிடும்.

அவர் தன் ஊர்க் கதையைச் சொன்னார். அவருடைய மாவட்டத்தார் ஒவ்வொரு வருடமும் கோப்பையை வைக்க அலுமாரியில் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் ஆடப் போவார்களாம். பக்கத்து மாவட்டத்தாரோ, “எங்களுக்கு வாய்ப்பே இல்லை, எங்கள் பிள்ளைகளுக்கு ஓடவே தெரியாது” என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வருவார்களாம். வந்து, வென்று, கோப்பையோடு போவார்களாம்.

கேட்டதும் எனக்கு நம்முடைய பள்ளிக்கூடங்கள் நினைவுக்கு வந்தன. “ஐயோ, நான் ஒண்டும் படிக்கேல்லை” என்று சோதனை மண்டப வாசலில் அழுகிறவள்தான் முதலாம் ஆளாக வருவாள். எல்லா ஊரிலும் ஒரே சனம்தான்!

இன்னொன்றும் தோன்றியது. நம்பிக்கை ஏன் எப்போதும் ஆடாதவர்களிடமே அதிகமாக இருக்கிறது? வெளியே நிற்கிறவருக்குத் தோற்றால் தொண்டை மட்டும்தான் கட்டும். உள்ளே நிற்கிறவள் அந்த இரவு படுக்கையிலும் அதே பந்தை அடித்துக்கொண்டிருப்பாள். நாம் வாரி வாரிக் கொடுக்கிற நம்பிக்கையைத் தோளில் சுமக்கிறவள் அவள்தானே?

இப்படி யோசித்துக்கொண்டிருக்கையில் விசில் ஒலித்தது. கடைசி நிமிடம். மொன்றியால் ஒரு புள்ளி பின்னுக்கு. ஃப்ரீ கிக். பந்தைக் கையில் வாங்கியவள்... சுதா.

கடவுளே, திரும்பவும் அதேயா?

மைதானம் அடங்கியது. சுதா பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்பத்தைப் பார்த்தாள். இந்தப் பந்து வெளியால் போனால் அவள் விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி. சொன்னால் செய்கிறவள் அவள்.

அப்போது பார்த்து அத்தான் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார்.

“உன்னாலை ஏலும் சுதா! கண்ணை மூடிக்கொண்டு அடிச்சாலும் உள்ளைதான்!”

போன வருடம் இவர் கத்திய அதே வார்த்தைகள்! வேண்டுமென்றே! என் வீட்டுக்காரருக்கு இரத்தம் கொதித்துவிட்டது. அந்த நாவூறை எப்படியாவது முறிக்க வேண்டுமே! ஆதரித்து ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்ற தீர்மானமும் இருக்கிறதே! மனிதர் எட்டிப் பாய்ந்து கோட்டுக்கு அருகில் போய் அடித்தொண்டையால் அலறினார்.

“ஏலாது! ஏலவே ஏலாது! வெளியாலைதான் போகும்!”

டோனல் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

சுதாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்! சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தாள். மூச்சை இழுத்தாள். இரண்டு எட்டு வைத்து உதைத்தாள்.

பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலால், இரண்டு கம்பங்களுக்கும் நட்ட நடுவால் போனது. இந்த முறை நான் சரியான இடத்தில் துள்ளினேன்.

ஆட்டம் சமநிலை. சகலன்மார் இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். இருவர் முகத்திலும் வென்ற களை. எதிர் அணி வெல்லாமல் போனது தன் நாவூறால்தான் என்று அவரவருக்கு நினைப்பு. பரிசு கொடுக்கும் நேரத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. டோனல் சொல்லி வைத்திருப்பார் போலும், எதிர் அணியை மனதாரப் பாராட்டிய இரண்டு கனவான்களுக்கும் என்று ஒலிபெருக்கியில் சொல்லி ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். இரண்டு பேரும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் போய் வாங்கிக்கொண்டார்கள்.

சுதா புல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். புதுத் தொப்பியோடு என் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

“பாத்தியே, நான் ஏலாது எண்டு கத்தினபடியால்தான் போனது.”

சுதா நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

“போன வருசம் ஏலும் எண்டு கத்தினியள். இந்த வருசம் ஏலாது எண்டு கத்தினியள். ரெண்டு தரமும் பந்து என்ரை கையிலை எல்லே அண்ணை இருந்தது?”

என் வீட்டுக்காரர் வெற்றியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து, தன் தொப்பியைக் கழற்றித் தங்கச்சியின் தலையில் வைத்ததை, கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் முதல் தடவையாகக் கண்டேன்!