மாமன் சீராக வந்த நாற்காலி

பக்கத்து வீட்டு லோகப்பிரியாவுக்கு வாய் இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இருந்தது. அவள் சொன்னதைக் காதில் வாங்கத்தான் ஆள் இல்லை.

தொண்ணூற்றாறில் அவள் மகளுக்கு எட்டு மாதம். சோறூட்ட ஒரு நாற்காலி வேண்டும் என்று கோவை ஒப்பணக்கார வீதியில் கடை கடையாக ஏறி ஒன்றைப் பார்த்து வைத்தாள். குட்டையானது. கால்கள் அகல விரிந்திருந்தன, இடுப்புக்கும் தோளுக்கும் வார் இருந்தது, தட்டைக் கழற்றிக் கழுவலாம். கடையிலேயே அதை நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்தாளாம். காதுகுத்துக்கு என்ன சீர் வேண்டும் என்று அண்ணன் கிருபாசங்கர் கேட்டபோது அதைத்தான் சொன்னாள். அவனும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்ன கண்ணு இது, முக்காலி ஒசரங்கூட இல்லை. சீர்த்தட்டுக்குப் பின்னால வெச்சா ஆருக்குத் தெரியும்? மாமன் சீர்னா மண்டபத்துல கடைசி வரிசைக்கும் தெரியோணும்."

தேக்கில் ஒன்று செய்து கொண்டுவந்தான். என் நெஞ்சு உயரம். கால்கள் நேராக, ஒல்லியாக. வார் வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று வைக்கவில்லை. மண்டபமே திரும்பிப் பார்த்தது. "அமர்க்களமுங்க" என்று நானும் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அவள் மாமியார் பழனாத்தாள் அதை முன்னறையில் வாசலைப் பார்த்துப் போட்டார். மூன்று வேளையும் குழந்தைக்கு அதில்தான் சோறு. தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமே. மூன்றாம் நாளே குழந்தை ஒரு பக்கம் சாய, நாற்காலியும் கூடவே சாய்ந்தது. லோகப்பிரியா பாய்ந்து பிடித்தாள். நாற்காலிக் காலை அறுத்துக் குறைக்கலாம் என்று புருஷனிடம் சொன்னாள். அம்மாவைக் கேள் என்றான். கேட்டாள்.

"பொறந்த ஊட்டுச் சீர்ல ரம்பத்தை வெக்கறதா? உங்கண்ணன் மொகத்துல நான் எப்படி முழிக்கறது அம்மணி?"

அன்றிலிருந்து தன் முந்தானையைக் குழந்தையின் இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு முடிந்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு, நாற்காலிக் காலை மிதித்தபடி உட்கார்ந்தாள். குழந்தை தின்று முடிக்கும்வரை அவளும் அசைய முடியாது.

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வந்தான். மோர் வாங்கப் போன நானும் அங்கே இருந்தேன். உள்ளேயிருந்து பழனாத்தாள் குரல் கொடுத்தார், "பிரியா, அண்ணனுக்கு எலை போடு."

"எந்திரிக்க முடியாதுங்க அத்தை. நான் எந்திரிச்சா பாப்பா உழுந்துரும்."

சொல்லும்போது அவள் அண்ணனைத்தான் பார்த்தாள். அவன் முடிச்சைப் பார்த்தான். நாற்காலியை லேசாக ஆட்டினான். முகம் சுண்டிப்போனது.

"நானே அறுத்துத் தாரேனுங்க அத்தை."

பழனாத்தாள் கரண்டியோடு வெளியே வந்தார். "அடுத்த மாசம் சின்னவனுக்குப் பொண்ணூட்டுக்காரங்க வாராங்க. அவங்க ஒருக்கா பாத்துப்போடட்டுமுங்க தம்பி."

அவன் தலையாட்டினான். நானும் மோரோடு வீட்டுக்கு வந்தேன்.

பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் நிச்சயம் முடியட்டும் என்றார் பழனாத்தாள், அப்புறம் கல்யாணம் முடியட்டும் என்றார். ஒருவழியாக நாற்காலிக் காலை அறுத்தபோது குழந்தை ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷம் கழித்துப் பெருந்துறையில் ஒரு கல்யாணப் பந்தியில் லோகப்பிரியா என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மகள் எங்கேயோ விளையாடிக்கொண்டிருந்தாள். இலையை மடித்தவள் உடனே எழவில்லை. இடது கையால் முந்தானையைத் தடவி முடிச்சைத் தேடினாள். இல்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்தாள்.