காற்றின் மேல் எழுதிய பழி

மலைக்கிராமமான கிளாவரையில் உருளைக்கிழங்கு போட்டிருந்த ராவுத்தர் அவர். வெள்ளைத் தாடி; அணைந்த பீடியைக்கூடத் தண்ணீரில் முக்கித்தான் எறிவார். தன் நிலத்துப் புல்லுக்கு அவர் வைத்த தீ சோலைக்காட்டுக்குள் பரவி, விறகு பொறுக்கிய ஒருத்தியைக் கொன்றுவிட்டது. வனத்துறை ரேஞ்சராக இருந்த நான், வழக்கம்போல், 'பலத்த காற்றே காரணம்' என்று எழுதினேன்.

"காத்தடிக்கையில தீ வச்சா வச்சவன்தாங்கய்யா பொறுப்பு. எங்க மார்க்கத்துல அதுதான் சட்டம்."

"எங்க சட்டத்துக்குக் காத்துதான் வசதி, ராவுத்தரே. அதுக்குச் சம்மன் அனுப்ப வேண்டாம் பாருங்க."

"மறுமையில காத்தையா கேப்பாங்க? என்னையத்தானே கேப்பாங்க!"

வழக்குக் கோப்பை மூடினோம்.

அடுத்த மழையில், எரிந்த சரிவில் நாவல் கன்று நட்ட ராவுத்தரை, அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைந்ததாகப் பிடித்துவந்தார்கள். மன்னிப்புக் கேட்டிருந்தால் விட்டிருப்பேன். கேட்காமல் சிறைக்குப் போனார். எந்தக் குற்றத்துக்காகப் போனார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.