பைப்பில் நின்ற வெளிச்சம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். யாராவது பேய் என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதிலும் இது நடந்தது பகலில். நேரத்தைக்கூடச் சரியாகச் சொல்வேன். எஞ்சின் பக்கத்தில் கடிகாரம் மாட்டியிருந்தேன்.

மாலை 4.12. போட்டில் நான், மனைவி, எங்கள் ஏழு வயது மகள். மகளுக்கு மூச்சுத்திணறல். நாங்கள் இருக்கிற தீவில் டாக்டர் கிடையாது. அக்கரை ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாற்பது நிமிடம். மனைவி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு முன்னறையில் இருந்தாள். அந்த நேரம் பார்த்து எஞ்சின் சூடேறி அலாரம் அலறியது. வெளிக்குழாயில் தண்ணீர் வரவில்லை. 'டொக்... டொக்...' என்று வறட்டுச் சத்தம் மட்டும்.

உடனே அணைத்தேன். என்ன கோளாறு என்று பார்க்காமலே தெரிந்தது. கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கிற பம்ப்பில் இம்பெல்லர் போய்விட்டது. சின்ன ரப்பர் சக்கரம், ஆறு இறக்கை. நல்லவேளை, புதிது ஒன்று கைவசம் இருந்தது. இரண்டு மாதம் முன்புதான், ஒருமுறை அடிபட்டுச் சரிசெய்திருந்த இந்தப் பழைய போட்டை வாங்கியிருந்தேன்.

தண்ணீர் வால்வை மூடிவிட்டு எஞ்சின் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்தேன். உள்ளே கும்மிருட்டு. போனில் சார்ஜ் இல்லை.

"டார்ச்ச எடுத்துட்டு வா!"

 எனக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. கொஞ்சம் தாழ்வாக. மனைவி குனிந்து நிற்கிறாள் போல என்று விட்டுவிட்டேன்.

4.21. மூடியைக் கழற்றினேன். பழைய இம்பெல்லரில் மூன்று இறக்கை இல்லை. பம்ப்புக்குள் இரண்டு துண்டு கிடைத்தது. மூன்றாவதைக் காணோம். உடைந்த துண்டை எண்ணிப் பார்க்காமல் மூடக் கூடாது, தெரியும். ஆனால் மகளின் மூச்சு விசில் மாதிரி இழுப்பது அங்கேவரை கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதுகொண்டிருந்தேன். வழுக்கி உள்ளே போகச் சோப்பைத் தடவிப் புதியதைத் திணித்தேன்.

வெளிச்சம் நகர்ந்தது. பம்ப்பை விட்டுவிட்டு, அதிலிருந்து மேலே போகிற ரப்பர் பைப்பில் போய் நின்றது.

"பம்ப்புல காட்டு!"

நகரவில்லை.

"பம்ப்புல காட்டுடி! புள்ள சாகக் கெடக்கு!"

வெளிச்சம் நடுங்கியது. ஆனாலும் பைப்பில்தான் நின்றது. என் முதுகில் ஏதோ விழுந்தது. சொட்... சொட்... ஐஸ் மாதிரி. மழை இல்லை.

4.29. வேறு வழி தெரியாமல் பைப்பை உருவி விரலை விட்டேன்.

மூன்றாவது துண்டு... பைப்பை அடைத்துக்கொண்டு கிடந்தது.

4.36. எஞ்சின் பிடித்தது. தண்ணீர் பீய்ச்சியது.

வெளிச்சம் அணைந்தது.

திரும்பினேன். யாரும் இல்லை. பலகையில் ஈரம் மட்டும்.

முன்னறைக்கு ஓடினேன். மகள் அவள் அம்மா மடியிலேயே கிடந்தாள்.

"நீதான டார்ச் அடிச்ச?"

"நானா? நான் எழுந்திரிக்கவே இல்லையே... இந்த மெஷின் சத்தத்துல நீங்க கூப்பிட்டதே கேக்கல. டார்ச் செல்லக் கழட்டித்தான் இவ மருந்து மெஷின்ல போட்டேன்."

டார்ச் ஆணியில் தொங்கியது. காலியாக.

மகள் பிழைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, போட்டை விற்றவரைத் தேடிப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணுதான் எனக்கு டார்ச் பிடிப்பா. அன்னிக்கும் இதே வேலை. பைப்புலயே லைட்ட அடிச்சிட்டு நின்னா. 'பம்ப்புல காட்டு'ன்னு திட்டினேன்... பைப்ப நான் பாக்கல. பாதி வழியில எஞ்சின் நின்னு, போட்டு பாறையில மோதிடுச்சு. நான் மட்டும்தான் கரைக்கு வந்தேன்."

பிறகு மெல்லக் கேட்டார். "லைட்டு... எவ்ளோ உயரத்துல இருந்துச்சு தம்பி?"

எழுந்து நின்று, என் இடுப்பருகே கையை வைத்துக் காட்டினேன்.

அவர் என் கைக்குச் சற்று மேலே தன் கையைக் கொண்டுவந்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு சின்னத் தலையைக் கோதிவிடுவதுபோல் கோதிக்கொண்டே இருந்தார்.