மகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை

சில வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பக்கத்து வீட்டுக்குப் பெண்ணைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள்.

அவசரப்படாதீர்கள்... கல்யாணத்துக்கு அல்ல. ஃபூட்டிக்கு! இந்த நாட்டுக் கால்பந்து அது.

கிரான்பர்னில் எங்களுக்கு வலது பக்கத்து வீடு சுகந்தி – ஸ்ரீகரன் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஸ்ரீகரன் பஸ் ஓட்டுகிறார். சுகந்தி முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரே மகள் அபிரா, பன்னிரண்டாம் வகுப்பு. தெருவில் மற்றப் பிள்ளைகள் கெமிஸ்ட்ரி டியூஷனுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, இவள் முட்டை வடிவப் பந்துக்குப் பின்னால் ஓடியவள். எங்கள் வேலியில் பலகைகள் ஆடிக்கொண்டிருப்பதற்கு அவளுடைய இடது கால்தான் காரணம். வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டுப் பின்புறத்தில்தான் இருப்பாள், என் மகள் மீராவுக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்ற பெயரில்.

இங்கே டிராஃப்ட் என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு முறை பெரிய கிளப்புகள் எல்லாம் முறை போட்டுக்கொண்டு, இளம் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். எந்த கிளப், எந்த ஊர் — நீங்கள் தீர்மானிக்க முடியாது. பெயரே வராவிட்டால்? அவ்வளவுதான், பேசாமல் வீட்டுக்குப் போகலாம்.

அதற்கு முன்னால் நடக்கும் சோதனை இருக்கிறதே... ஓடவிடுகிறார்கள், குதிக்கவிடுகிறார்கள், இரண்டு காலாலும் உதைக்கவிடுகிறார்கள். உள்ளங்கையைக்கூட அளக்கிறார்கள். கோச்சிடம் விசாரிக்கிறார்கள், டீச்சரிடம் விசாரிக்கிறார்கள். எல்லாம் முடிந்து கடைசியில் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். பிள்ளை எப்படிப்பட்டவள் என்று தெரிய வேண்டுமாம்!

"அண்ணை, நீங்கள் ஒபிஸில ஆக்களை இன்டவியூ எடுக்கிறனீங்கள்தானே? ஒருக்கா வந்து எங்களோட இருங்கோவன்" என்றார் சுகந்தி. போனேன். மேஜை முழுக்க ரோல்ஸ், பட்டிஸ், வடை, கேக். ஸ்ரீகரன் அயர்ன் பண்ணிய சட்டையில் விறைப்பாக நின்றார். அபிரா சோபாவின் நுனியில் உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் இந்த ஊர் கிளப் ஒன்றைச் சேர்ந்த ராஸ் என்ற பெரியவரும், ஜென் என்ற இளம்பெண்ணும். நல்ல மாதிரி மனிதர்கள். ரோல்ஸை ரசித்துச் சாப்பிட்டார்கள். பிறகு ஜென் சிரித்துக்கொண்டே சுகந்தியைக் கேட்டார்: "வீட்டில் அபிரா எப்படி?"

சுகந்தி நல்ல ஆங்கிலத்தில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார்: "சரியான சோம்பேறி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவர் நிறுத்தவில்லை. எழுப்பாவிட்டால் எழுந்திருக்க மாட்டாள். அறை முழுக்கக் குப்பை. சொன்ன பேச்சு கேட்பதில்லை. இவளைவிட நன்றாக விளையாடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே... நான் மேஜைக்கு அடியில் ஸ்ரீகரனின் காலை மெதுவாக மிதித்தேன். ஏதாவது சொல்லுங்கள் மனுஷா! அவரும் சொன்னார். "படிப்புத்தான் எங்களுக்கு முக்கியம். இது சும்மா ஒரு ஹாபி."

ராஸ் தலையை ஆட்டிக்கொண்டே டேப்லெட்டில் தட்டினார்.

உண்மை என்ன தெரியுமா? இங்கே ஜூலைதான் குளிர்காலம். அந்தக் குளிரில், இன்னும் விடியாத நேரத்தில், அந்தப் பெண் தெருவில் ஓடுகிற சத்தத்தில்தான் நான் கண் விழிக்கிறேன். அவளுக்கு முன்னால் எழுந்து ஓட்ஸ் கிண்டி வைத்துவிட்டு, வேலைக்குப் போகிறவர் இதே சுகந்தி!

பிறகு ஏன் அப்படிச் சொன்னார்? உங்களுக்குத் தெரியாதா என்ன! யாராவது "உங்கள் பிள்ளை கெட்டிக்காரி" என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "எங்கே... எந்நேரமும் போனும் கையும்தான்" என்கிறோம். கேட்கிறவரும் நம் ஆள். அம்மா எவ்வளவுக்குத் திட்டுகிறாளோ, பிள்ளை அவ்வளவுக்குப் பிரமாதம் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். ராஸ் அந்தக் கணக்குத் தெரிந்தவர் இல்லையே! சோம்பேறி என்றால் அவருக்கு சோம்பேறிதான்.

அவர்கள் கார் தெருமுனை தாண்டியதும் அபிரா வெடித்தாள். "மம்! தே பிலீவ் யூ!" அம்மா சொல்வதை அவர்கள் அப்படியே நம்பிவிடுவார்களாம்!

"நான் என்ர வாயால உன்னைப் பெரிசாச் சொன்னா நாவூறு படாதோ பிள்ளை?" என்றார் சுகந்தி. நாவூறு என்றால் வாய்த் திருஷ்டி. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அபிரா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு ஓர் இருப்புக்கொள்ளாமை. இத்தனைக்கும் என் மகள்கூட இல்லை! ஆபீஸில் ஒரு பையனை இன்டர்வியூ செய்யும்போது, வழக்கம்போல "உங்களுடைய பலவீனம் என்ன?" என்று கேட்க வாயெடுத்தேன்... கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் ஹாலுக்கும் குசினிக்கும் நடை. (சமையலறையைக் குசினி என்பது சுகந்தி வீட்டிலிருந்து தொற்றிக்கொண்டது.) "சும்மா ஒரு இடத்துல உக்காருங்களேன், கார்பெட் தேயுது" என்றாள் என் மனைவி உமா. நடுநடுவே ஜன்னல் வழியாக அவளும் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அபிரா முன்னைவிட அதிகமாக எங்கள் வீட்டுப் பின்புறத்துக்கு வந்தாள். வேலி முன்னைவிட அதிகமாக அடி வாங்கியது. டம்... டம்... டம்...

ஒரு நாள் மாலை சுகந்தி வேலை முடிந்து யூனிஃபார்மோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணை, அந்தப் பிள்ளை ஜென் தன்ர நம்பர் தந்துட்டுப் போனவ. நீங்கள் ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ. நான் சொன்னதெல்லாம் பிழை எண்டு சொல்லுங்கோ."

"நான் சொல்லி என்னங்க ஆகப்போகுது? நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

"எனக்கு அப்பிடிச் சொல்லிப் பழக்கமில்லை அண்ணை."

உமா அவர் கையில் தண்ணீரைக் கொடுத்து, சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தாள். ஸ்பீக்கரில் போன் போட்டார். எடுத்த எடுப்பில் ஜென்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஊசி போடக் கையை நீட்டியவரைப் போல, சொல்ல ஆரம்பித்தார்.

"என் மகள் சோம்பேறி இல்லை. அவளைப்போல உழைக்கிற யாரையும் எனக்குத் தெரியாது. போன சீசனில் விரல் உடைந்ததை எங்களுக்குச் சொல்லாமல் ஒரு மேட்ச் முழுக்க விளையாடினாள். தோற்ற அன்றைக்குக்கூடத் தன் பூட்ஸைத் தானே கழுவி வைக்கிறவள். நான் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் எனக்குக் கால் பிடித்து விடுவாள். நான் கும்பிடுகிற சாமியிடம்கூட இதைச் சத்தமாகச் சொன்னதில்லை. அவள் மிக மிக நல்ல பிள்ளை."

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. பின்புறத்தில் டம் டம் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

"நன்றி, சுகி. தெரிந்துகொண்டதில் சந்தோஷம்" என்றார் ஜென். அவ்வளவுதான். நல்லதா, கெட்டதா? ஒன்றும் புரியவில்லை. சுகந்தி போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். அபிரா பின்கதவு வழியாக வந்தாள். பந்து அக்குளில். அம்மாவைப் பார்த்தாள். "வீட்டை போவம், அம்மா" என்றாள். அந்தப் பெண் முழுசாகத் தமிழில் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

டிராஃப்ட் அன்று மாலை அவர்கள் வீட்டு டிவி முன்னால் நாங்கள் எல்லோரும். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ராஸின் கிளப் முறை வந்தது... வேறு யாரோ. மறுபடி வந்தது... அப்போதும் வேறு யாரோ. ஸ்ரீகரன் எழுந்து போய்த் திறந்திருக்காத ஜன்னலைச் சாத்தினார். நான் நகத்தைக் கடித்து முடித்துவிட்டேன்.

பிறகு சிட்னி கிளப் ஒன்று. அந்த வீட்டுப் பக்கமே வராதவர்கள். ஒரே ஒரு தடவை அபிராவோடு வீடியோவில் பேசியவர்கள். டிவியில் ஒருவர் சிரமப்பட்டு, நடுவில் உடைத்து, ஒரு பெயரைச் சொன்னார். அபிரா ஸ்ரீகரன்!

தெருவே கேட்டிருக்கும் நாங்கள் போட்ட கூச்சலை. சுகந்தி மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிறகுதான் உறைத்தது, மகள் ஊரைவிட்டே போகப்போகிறாள் என்று. சிட்னி! "நார்த்மீட்ல சித்தி இருக்கிறா... பக்கத்தில முருகன் கோயிலும் இருக்கு..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அழுதார்.

அம்மா சொன்னது கெடுத்ததா, திருத்திச் சொன்னது உதவியதா? யாருக்கும் தெரியாது. உள்ளங்கைவரை அளந்து, ரோல்ஸ் சாப்பிட்டுப் போனவர்கள் விட்டுவிட்டார்கள். வராதவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆளை எடைபோடுவது அவ்வளவு லட்சணம்! ஆனால் ஒன்று தெரியும். அந்த போன் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ, அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதற்குள் சுகந்தியின் போன் அடித்தது. லண்டனிலிருந்து அக்கா. "ஓம் அக்கா... ஓம், எடுத்திருக்கினம்தான்... பெரிசா ஒண்டுமில்லை, சும்மா ஏதோ..." அபிரா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். இந்த முறை சிரித்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்ததும் மீராவின் அறைக் கதவைத் தட்டி, "கண்ணு, நீ ரொம்ப நல்ல பொண்ணு. உன்னை நினைச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு" என்றேன்.

அவள் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து, சந்தேகமாகப் பார்த்துக் கேட்டாள்: "வாட் டிட் யூ பிரேக், டாட்?"