ஒரு பிளாக், ஒரு ஸ்லைடு

ஓசூரில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாளே எங்கள் பெத்தாலஜி டாக்டர் சட்டம் சொல்லிவிட்டார். "ஒரு பிளாக்குக்கு ஒரு ஸ்லைடு. அதுக்கு மேல வெட்டினா நீ டெக்னீஷியன் இல்லப்பா, கசாப்புக்காரன்." நோயாளியிடம் எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்தால் பிளாக். அதை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றினால் ஸ்லைடு. ஒரு ஸ்லைடைப் பார்க்க டாக்டருக்கு ஒரு நிமிடம் போதும். அதில் அவருக்குப் பெருமை வேறு.

பாகலூர் முனியப்பா லேத் ஆபரேட்டர். கன்னத்துப் புற்றுநோய்க்கு பெங்களூரில் ஆபரேஷன் செய்து, கரன்ட் என்று சொல்லும் கதிர்வீச்சும் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியவர். ஒரே வருடத்தில் அதே இடத்தில் மறுபடி வீக்கம். சதை எங்களிடம் வந்தது, சீவினேன். ஸ்லைடு முழுக்க நீல நீலமாக லிம்போசைட், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள். "வெறும் புண்ணு. கேன்சர் இல்ல" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். கம்பெனி டாக்டர் அதைப் பார்த்து, வேலை செய்யலாம் என்று ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுத்தார்.

வெறும் புண்ணுக்கு இத்தனை அணுக்கள் எதற்கு என்று எனக்கு உறுத்தியது. கேட்கவில்லை. கசாப்புக்காரன் பட்டத்துக்குப் பயம்.

இரண்டு மாதம் கழித்து முனியப்பா லேப் வாசலில் நின்றார். வாய் பாதிகூடத் திறக்கவில்லை. "ஒன்னும் இல்லன்னு எழுதினீங்களே சார், களிகூட உள்ள போகமாட்டேங்குது."

டாக்டர் டீ குடிக்கப் போன நேரம் பழைய பிளாக்கை எடுத்து ஆழமாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தேன். உள்ளே கூடு கூடாகப் புற்றுநோய். நீல அணுக்கள் அதைச் சுற்றிக் கூட்டமாக நின்றன. ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. முதலில் நாங்கள் பார்த்தது அந்த வெளிக்கூட்டத்தை மட்டும்தான்.

இந்த முறை டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்தார். "எப்படிப்பா நாம இத விட்டோம்?" என்றார். தப்பில் எனக்கும் பங்கு; கையெழுத்தில் மட்டும் கொடுத்ததில்லை.

முனியப்பாவிடம் நானே விவரம் சொன்னேன். பாதி வாயால் சிரித்தார். "எங்க கம்பெனி செக்யூரிட்டி கதைதான் சார். எல்லாம் கேட்லயே நிப்பானுங்க. உள்ள எவன் எத தூக்கினாலும் தெரியாது." பிறகு சிரிப்பு நின்றது. "அன்னைக்கே இன்னொரு தபா சீவியிருந்தா?"

பெங்களூரில், இனி வெட்ட முடியாது, கட்டி பெரிதாகிவிட்டது என்றார்கள்.

இளைய டெக்னீஷியன்களே, திரும்பி வந்த கட்டி என்று சீட்டில் இருந்தால் யாரையும் கேட்காமல் ஆழமாகச் சீவுங்கள். அந்த அணுக்கள் ஏன் உள்ளே போகவில்லை என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. நான் ஏன் போகவில்லை என்பது நன்றாகத் தெரியும்.