சனிக்கிழமைகளில் கழற்றி வைத்தது

என் மகளுடைய காதுகளுக்கு மூன்று முதலாளிகள் இருந்தார்கள். காது கேட்பதற்காக மாட்டும் மெஷின் சான்டா கிளாராவில் ஓர் ஆஸ்பத்திரி கொடுத்தது. வகுப்பில் டீச்சர் கழுத்தில் தொங்கவிட்டுப் பேசினால் அந்தக் குரலை நேராக அவள் காதுக்கு அனுப்பும் மைக், ஃப்ரீமான்ட் பள்ளியின் சொத்து. பேச்சுப் பயிற்சிக்குக் கவுண்டி ஆபீஸ், நம்மூர் மாவட்ட அலுவலகம் மாதிரி. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததே இல்லை. மூவருக்கும் நடுவே ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஃப்ரீவேயில் அலைந்த ப்யூன் நான்தான்.

2006-இல் அவளுக்கு ஏழு வயது. கோடை விடுமுறைக்கு அந்த மைக்கை வீட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். நான் சமையலறையில் நின்று பேசினால் ஹாலில் இருப்பவளுக்குக் கேட்குமே என்ற ஆசை. பள்ளி ஆஸ்பத்திரியைக் கேட்கச் சொன்னது, ஆஸ்பத்திரி கவுண்டியைக் கேட்கச் சொன்னது, கவுண்டி மறுபடி பள்ளியைக் கைகாட்டியது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, சேர்ந்து ஒரே ஏற்பாடாகச் செய்தால் என்ன குறைந்துபோகும் என்று கடிதம் மேல் கடிதம் போட்டேன். கணவர் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். எனக்கு வேலை செய்ய விசா இல்லை. அந்த வருஷம் நான் பேசியதில் முக்கால்வாசி ஆன்ஸரிங் மெஷின்களோடுதான்.

ஒருவழியாக ஒரு பிற்பகல், பள்ளியில் மூவரும் கூடினார்கள். ஜெயித்துவிட்ட மிதப்பில் போய் உட்கார்ந்தேன். மகள் மேஜைக் கோடியில் கலர் பென்சிலோடு இருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் அவளுடைய மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்தார். ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் காதில் இருந்தது என்று அதுவே குறித்து வைக்குமாம். எனக்கு அது தெரியாது. டீச்சர் தன் நோட்டைத் திறந்தார். பள்ளி நாட்களில் காலையிலிருந்து கடைசி மணி அடிக்கும்வரை கழற்றுவதே இல்லை என்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மெஷினின் கணக்கில் பள்ளி நேரம் போனால் மிச்சம் மிகக் கொஞ்சம்.

"வீக்எண்ட்ல என்ன ஆகுது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அந்தப் பெண். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மகளும் பார்த்தாள். முகத்தைப் படிப்பதில் அவள் கெட்டிக்காரி. "ஐ ஃபர்காட்," என்றாள். "இட்ஸ் மை ஃபால்ட்."

அவள் எதையும் மறந்தவள் இல்லை. மாலையில் கடைக்கோ பார்க்குக்கோ கிளம்பினால், தெரிந்தவர்கள் எதிர்ப்படுவார்களே என்று கழற்றிவிடுவேன். சனிக்கிழமை பாட்லக், அதாவது தெரிந்த குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடும் விருந்து என்றால், காரிலேயே கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொள்வேன். ஊரில் யாருக்கும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. இங்கே ஒருவருக்குத் தெரிந்தால் அடுத்த போன் காலில் சென்னைக்குப் போய்விடும். அம்மா வழியா, அப்பா வழியா இந்தக் குறை என்று விசாரணை தொடங்கும். பெண் குழந்தை வேறு. பாட்லக்கில் அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிப்பாள். "எவ்ளோ சமத்து, சத்தமே போடல பாருங்க" என்று பாராட்டுவார்கள். வெட்கமில்லாமல் அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொள்வேன்.

"நான்தான் கழற்றினேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யாராவது திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். கவுண்டி பெண்மணி டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். ஆறு வாரம் எல்லா நாளும் மாட்டட்டும், பிறகு மைக் வீட்டுக்கு வரும் என்று முடிவு செய்தார்கள். சொன்னபடி ஜூனில் வந்தது. ஆனால் என்னால் மறக்க முடியாதது மைக் வந்த நாள் அல்ல, அந்த ஆறு வாரத்தின் முதல் சனிக்கிழமை.

"இந்த வாரம் பாட்லக்கை ஸ்கிப் பண்ணிடலாமே," என்றார் கணவர்.

"இல்ல, போறோம். மாட்டிக்கிட்டே போறோம்."

காது தெரிகிற மாதிரி ரெட்டை ஜடை போட்டுவிட்டேன். மில்பிடாஸில் பாட்லக் நடந்த வீட்டு வாசலிலேயே, "ஐயோ, காதுல மெஷினா? சொல்லவே இல்லையே நீ!" என்றார் அந்த வீட்டுக்காரி. பிறகு எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாகப் பேசினார்கள், ரொம்பச் சுருக்கமாக. நான் தட்டோடு உட்கார்ந்த சோபாவில் பக்கத்து இடம் கடைசிவரை காலியாக இருந்தது. மகளை அதிகம் பார்க்கவே முடியவில்லை. பின்பக்கம் தோட்டத்தில் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். பிறகு, "அம்மா, அவங்க என் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. விளையாட," என்றாள். "எவ்ரி டைம் கூப்பிடுவாங்களா?"

"ஆமாம்மா."

"ஐ நெவர் வென்ட்," என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர்கள் கூப்பிட்டது வாராவாரம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.