ஆட்டிப் பார்த்து வாங்கிய கட்டில்

பில்ஹோ அண்ணன் யாரிடமும் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. கொரியாவின் குன்சான் துறைமுகத்திலிருந்து வயல்காட்டு ஊர்களுக்குப் போகும் பஸ்ஸை அவரும் நானும் முறை வைத்து ஓட்டுகிறோம். நிறுத்தமே இல்லாத இடத்திலும் கை காட்டினால் நிறுத்துவார். முட்டைக்கோஸ் மூட்டையோடு ஏறும் பெண்கள், "அப்படியே என் வாசல்ல விட்டுடேன்" என்றால் விட்டுவிட்டுத்தான் திரும்புவார். பண்டிகைக்கு லீவு வேண்டும், யாராவது நம் முறையை ஓட்ட வேண்டும் என்றால் டிப்போவில் எல்லோரும் முதலில் அவரைத்தான் தேடிப்போவோம்.

அவருடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மாவும் சீக்கிரமே போய்விட, அக்கா மல்சூன்தான் அவரை வளர்த்தாள். மீன் சந்தையில் அவளுக்குக் கருவாட்டுக் கடை. அவள் சொன்ன பள்ளியில் படித்தார், அவள் சொன்ன வேலைக்கு வந்தார். அவள் சொல்கிற மாதிரிதான் இன்றைக்கும் முடி வெட்டிக்கொள்கிறார் என்று கேலி செய்வோம். சிரித்துக்கொண்டே தலையைத் தடவிக்கொள்வார், மறுக்க மாட்டார். கல்யாணப் பெண்ணை மட்டும் அவரே பார்த்துக்கொண்டார். கும்ஹீ அண்ணி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். தினமும் அவர் பஸ்ஸில்தான் ஏறுவாள். அதற்கும் அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் வாய் திறந்தார்.

அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஒருமுறை நாலு மாதம் தாண்டியதும் நம்பிக்கை வந்து, சின்னதாக ஒரு மஞ்சள் போர்வையும் இரண்டு சட்டையும் வாங்கி வந்துவிட்டார். அதுவும் நிற்கவில்லை. அண்ணி அவற்றைத் துவைத்து மடித்து தேவாலயத்தில் யாருக்கோ கொடுத்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பிள்ளை உயிரோடு பிறக்கும்வரை பிள்ளைக்கென்று ஒரு துரும்பும் வாசலைத் தாண்டக்கூடாது.

அண்ணிக்கு நாற்பது தாண்டிய பிறகு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வயிறு தெரியத் தொடங்கியபோதும், வெயில் நன்றாக அடிக்கிறது என்பது போன்ற பேச்சுதான் பேசினோம். குளிர்காலத்தில், நாள் நிறையும் முன்பே, வயிற்றைக் கிழித்து ஒரு பெண் குழந்தையை எடுத்தார்கள். உயிரோடு இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

எங்களில் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு செல்லப் பெயர் வைப்பதுண்டு. பெட்டியின்மேல் எழுதி ஒட்ட அந்தப் பெயரைத்தான் நர்ஸ் கேட்டாள்.

"வயித்துல இருக்கிறப்ப என்னன்னு கூப்பிட்டீங்க?"

அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூப்பிடவே இல்லீங்க. பயமா இருந்துச்சு" என்றாள் அண்ணி.

நர்ஸ் 'கும்ஹீயின் பாப்பா' என்று எழுதி ஒட்டினாள். அந்த நர்ஸ்தான் பிறகு, வீட்டுக்குப் போனால் எப்படித் தூங்க வைக்க வேண்டும் என்றும் சொல்லித்தந்தாள். தனிப் படுக்கை, மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும், மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தலையணை பொம்மை எதுவும் கூடாது. நாங்கள் எல்லோரும் அடியில் சூடேற்றிய தரையில் விரித்துப் படுத்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் பள்ளிக்கூடத்து அண்டாக்களைத் தூக்கித் தூக்கி அண்ணியின் முதுகு ஏற்கெனவே போயிருந்தது. இப்போது வயிற்றில் தையல் வேறு. ராத்திரி முழுக்கத் தரைக்குக் குனிந்து நிமிர அவளால் ஆகாது. கால் வைத்த, நாலு பக்கமும் அடைத்த குழந்தைக் கட்டில் வேண்டும்.

இது மல்சூன் அக்காவின் காதுக்குப் போன மறுநாளே, சந்தையின் மீன் வண்டி அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றது. பின்னால் கட்டில். முன் சீட்டில் அக்கா. தூக்கி மேலே ஏற்ற நானும் போயிருந்தேன்.

வெள்ளைப் பெயிண்ட் அடித்த கட்டில். தலைமாட்டில் ரோஜாப்பூ வரைந்திருந்தது. ஒரு பக்கத்து அடைப்பை மேலே தூக்கிக் கொண்டி போடலாம், கொண்டியை எடுத்தால் கீழே இறங்கும்.

"என் பிள்ளைங்க மூணும் இதுலதான் உருண்டுச்சுங்க" என்றாள் அக்கா. "அப்ப எங்க தெருவுல ஒருத்தர் வீட்லயும் இது கிடையாது. வந்து வந்து பாத்துட்டுப் போவாளுங்க."

"இவ்ளோ நாளா வச்சிருந்தியாக்கா?" என்றார் அண்ணன்.

"எத்தனையோ பேரு கேட்டாங்க. குடுக்கல. உனக்குன்னு பரண்ல போட்டு வச்சிருந்தேன். சொன்னா உங்களுக்கு மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அதைப் பார்க்காதவள்போல வண்டிக்காரனை அவசரப்படுத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

அண்ணன் சோப்புத் தண்ணீர் வைத்துக் கட்டிலைக் கழுவினார். ஈரத்துணியோடு கூடவே பெயிண்ட்டும் செதிலாக உரிந்து வந்தது. அடைப்பின் மரக் கம்பிகளுக்கு நடுவில் அவருடைய முஷ்டி தாராளமாகப் போய் வந்தது. கொண்டி பிளாஸ்டிக். ஒருபக்கம் விரிசல் விட்டிருந்தது, இன்னொரு பக்கம் பல் தேய்ந்து மழுங்கியிருந்தது. பஸ்ஸை எடுக்குமுன் சக்கரத்து நட்டுகளைத் தட்டிப் பார்க்கிற கை அது. சும்மா இருக்கவில்லை. உள்ளே போய் ஒரு சின்ன அரிசி மூட்டையைத் தூக்கி வந்தார்.

"எதுக்குங்க?" என்றாள் அண்ணி.

"எழுந்து நிக்கிற பிள்ள இவ்ளோ கனம் இருக்கும்ல."

மூட்டையை உள்ளே நிறுத்தி, அடைப்பின்மேல் சாய்த்து, கட்டிலை லேசாக ஆட்டினார். முதலில் ஒன்றுமில்லை. மறுபடி ஆட்டினார். டக்கென்று ஒரு சத்தம். அடைப்பின் ஒரு மூலை மட்டும் கழன்று இறங்கியது. அந்தச் சந்தில் அரிசி மூட்டை தலைகீழாகச் சரிந்து இறங்கி, மாட்டிக்கொண்டு நின்றது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணன்தான் முதலில் அசைந்தார். இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்து மெல்ல வெளியே எடுத்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கம்பி போட்டு இறுக்கிக் கட்டிடலாம்" என்றார்.

"கட்டலாங்க. நான் கண்ண மூடுற ஒவ்வொரு வாட்டியும் அந்தக் கம்பி கண்ணுல வந்து நிக்கும்."

"கொண்டிய மட்டும் புதுசா வாங்கினா?"

"எங்க வாங்குவீங்க? யாரு செஞ்சதுன்னே இதுல தெரியல."

அவர் விரிசல் விட்ட கொண்டியைத் தடவிப் பார்த்தார். அண்ணி மெதுவாகச் சொன்னாள், "வேணும்னா அக்காகிட்ட நான் சொல்றேன்."

"வேணாம். நீ சொன்னா, தம்பி பொண்டாட்டி வேணாம்னு சொல்லிட்டாள்னு ஆயிடும். நானே சொல்றேன்."

ஆனால் சொல்லப் போகவில்லை. முதலில் வேறு கட்டில் பார்த்துவிடலாம் என்று பக்கத்துப் பெரிய ஊரான ஜோன்ஜூவுக்குக் கிளம்பினார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டார்.

பெரிய கடை அது. குழந்தைச் சாமான் மட்டுமே மூன்று மாடி. விற்பனைப் பெண் முதலில் காட்டிய கட்டிலைப் பார்த்து எனக்கே அதில் படுக்க ஆசை வந்தது. மேலே வலைக் கூடாரம், உள்ளே சுற்றிலும் பஞ்சு வைத்த திண்டு, முயல் படம் போட்ட தலையணை.

"இதெல்லாம் எடுத்துட்டா உள்ள என்ன இருக்கும்மா?" என்றார் அண்ணன்.

"எதுக்கு சார் எடுக்கணும்? செட்டாத்தான் வரும்."

"கட்டிலப் பாக்கணும்."

அவள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். அண்ணன் கோட்டுப் பையிலிருந்து ஒரு சோடா டின்னை எடுத்தார். குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதைக் கம்பிகளுக்கு நடுவில் நுழைத்துப் பார்த்தார். சுலபமாக உள்ளே போனது.

"டின்னு போகக் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. டின்னு போனா பிள்ளையோட உடம்பும் போயிடுமாம். அப்புறம் தல மாட்டிக்கும்."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. அதன்பிறகு அவளும் எங்கள் பின்னாலேயே வந்தாள். ஒவ்வொரு கட்டிலிலும் டின் நுழைந்தது, கை நுழைந்தது, மெத்தைக்கும் அடைப்புக்கும் நடுவில் விரல் நுழைந்தது. மண்டியிட்டு அடியில் பார்த்தார். மூலைக் காலைத் தடவி, துணி சிக்குகிற மாதிரி ஏதாவது துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். பிடித்து ஆட்டினார், முனகியதையெல்லாம் ஒதுக்கினார். மெத்தையை முஷ்டியால் அழுத்தினார். குழி விழுந்தால் அதுவும் வேண்டாம். போகிற வருகிற வயிற்றுப் பிள்ளைக்காரிகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி தன் புருஷனிடம், "பாரு, நீ கலர மட்டும்தான் பாக்குற" என்றாள்.

"அண்ணே, நம்மள வெளிய தள்ளிடப் போறாங்க" என்றேன்.

"தள்ளினா போவோம். இன்னும் ரெண்டு இருக்கு, இரு தம்பி."

கடைசியில் பிடித்தது ஒரு மூலையில் கிடந்தது. பெயிண்ட்டே இல்லாத, பீச் என்கிற கெட்டி மரம். நாலு பக்கமும் அசையாத அடைப்பு. பிள்ளை வளர வளர மெத்தைப் பலகையைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். டின் நுழையவில்லை. ஆட்டினார், தரையோடு நின்றது. பாதுகாப்பு முத்திரையும் செய்தவர்களின் டெலிபோன் நம்பரும் அடியில் ஒட்டியிருந்தன. அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"ஒரு போல்ட்டு தொலஞ்சு போச்சுன்னா உங்ககிட்ட கிடைக்குமா? ரெண்டு வருஷம் கழிச்சுக் கேட்டாலும்? சரிங்க. இல்லீங்க, இன்னும் வாங்கவே இல்ல."

அதை வாங்கி வந்து வீட்டில் போல்ட்டு பூட்டி நிறுத்திய பிறகும் பழைய கட்டில் முன்னறையில் நின்றுகொண்டிருந்தது. இனி தள்ளிப்போட முடியாது என்று ஆன அன்று சந்தைக்குப் போனார். டிப்போவிலிருந்து வீட்டுக்குப் போகும் வழிதான் அது, நானும் கூட இருந்தேன். அக்கா நாக்குமீன் கருவாட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கட்டில் வேணாங்க்கா."

அவள் நிமிரவில்லை. "என்ன வேணாம்?"

"கொண்டி நிக்கல. மூட்ட வச்சு ஆட்டிப் பாத்தேன். அடைப்பு கழண்டு, மூட்ட சந்துல மாட்டிக்கிச்சு."

"மூட்டைய எதுக்குடா கட்டில்ல வைக்கிற?"

"பிள்ளைய வச்சுப் பாக்க முடியாதுல்லக்கா."

இப்போது அவள் நிமிர்ந்தாள். "மூணு பிள்ளைங்கள அதுல வளர்த்தேன். செத்தா போச்சுங்க? ஒருத்தன் பட்டாளத்துக்கே போயிட்டு வந்துட்டான்."

"அப்ப அது புதுசுக்கா. கொண்டி நல்லா இருந்துச்சு. இப்ப அதுக்கு வயசாயிடுச்சு."

"எனக்குந்தான் வயசாயிடுச்சு. என்னையும் வேணாம்னு சொல்லிடு."

அண்ணனின் காது மடல் சிவந்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் 'சரிக்கா' என்று சொல்லிவிடுவார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"உன்ன வேணாம்னு யாரு சொன்னா? பெட்டிக்குள்ள கெடக்குதுக்கா அது. என் உள்ளங்கை அளவுதான் அதோட முதுகு. எனக்கு அது ஒண்ணுதான். அந்தக் கட்டில்ல போட மாட்டேன்."

அக்கா கருவாட்டுக் கட்டை எடுத்துத் தராசில் போட்டாள். வாங்குவதற்கு யாருமில்லை. "வண்டி அனுப்புறேன். ஏத்தி விடு" என்றாள். அவ்வளவுதான்.

வசந்தம் தொடங்கும்போது பிள்ளை வீட்டுக்கு வந்தது. தாவோன் என்று பெயர் வைத்தார்கள். புதுக் கட்டிலில் போட்டதும் வீறிட்டு அழுதது. பெட்டிக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்கு அந்த இடம் பெரிதாக இருந்திருக்க வேண்டும். அண்ணியும் அண்ணனும் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, கம்பிக்குள் ஆளுக்கொரு விரலை நீட்டி அதன் கையில் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். பழகிக்கொள்ளும்வரை அப்படித்தான் போனது. அண்ணன் கண் சிவக்க டிப்போவுக்கு வருவார், ஆனால் சிரிப்பு இருக்கும். அவருடைய முறையை நாங்கள் மாற்றி மாற்றி ஓட்டினோம். லீவு என்று அவர் வாய்விட்டுக் கேட்டதே அப்போதுதான்.

அக்கா மட்டும் வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கடற்பாசிச் சூப்பு வைக்க நல்ல பாசியாகப் பார்த்து, கட்டுக் கட்டாக வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். மணி அடிக்கவில்லை. அண்ணன் போன் செய்தால், "கடையில கூட்டம்" என்று வைத்துவிடுவாள்.

பிள்ளையின் நூறாம் நாள் விருந்துக்கு வந்தாள். வெள்ளை அரிசிப் பிட்டு ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். நேராகக் கட்டிலருகே போனாள். தாவோன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அடைப்பை இரண்டு கையாலும் பிடித்தாள். பிள்ளை எழுந்துவிடாதபடி, ஆனால் அழுத்தமாக ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"ஒரு பூ கூட இல்ல" என்றாள்.

"இல்லக்கா."

"ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருக்கு."

"ஆமாக்கா."

"நான் சொன்னதக் கேக்காம நீ செஞ்ச மொத காரியம் இதுதான், தெரியுமா?"

"தெரியும்."

அண்ணி பிள்ளையைத் தூக்கி அக்காவின் கையில் வைத்தாள். அக்கா அதன் முதுகுக்கு அடியில் கையை விரித்துப் பிடித்துப் பார்த்தாள். "உள்ளங்கை அளவுன்னு சொன்னான். பொய்க்காரன். ரெண்டு கை வேணும்" என்றாள். பழைய கட்டில் என்ன ஆனது என்று நான்தான் துணிந்து கேட்டேன். "அக்கக்காக் கழட்டிட்டேன். அடைப்பு மேல வலை போட்டு மீன் காயப் போடுறேன். அதுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா அவளை முறைத்துவிட்டு, பிறகு தானும் சிரித்தாள்.

நடக்கிற வயதாகிவிட்ட தாவோன் போன மாதம் அடைப்பில் கால் போட்டு ஏறத் தொடங்கிவிட்டாள். அவ்வளவுதான், அன்றைக்கே கட்டிலைக் கழற்றிவிட்டார்கள். இப்போது மூவரும் தரையில்தான் படுக்கிறார்கள். எங்கள் டிப்போவில் டிரைவராக இருக்கும் சேவோன் மாசமாக இருக்கிறாள். அந்தக் கட்டிலைத் தனக்குத் தருவார்களா என்று கேட்டாள். அண்ணன் போல்ட்டுகளையெல்லாம் எண்ணி ஒரு துணிப்பையில் போட்டு, அவள் வீட்டுக்கே கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தார். பிறகு ஒதுங்கி நின்றுகொண்டார்.

"நல்லா ஆட்டிப் பாரும்மா. உன் வீட்டுக்காரரையும் ஆட்டிப் பாக்கச் சொல்லு. மனசுக்குப் பிடிக்கலன்னா வேணாம்னு சொல்லிடு, நான் திருப்பி எடுத்துட்டுப் போறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

சேவோன் அடைப்பைப் பிடித்து ஆட்டினாள். அவள் புருஷன் மண்டியிட்டு அடியில் பார்த்தான். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை நின்றார்.